நிற்காமல் ஓடுகிற டயரை ஏன் கழற்றினேன்

தம்பி,

போனைப் பாதியில் வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் 'மீட்டிங்ல இருக்கேன்' என்று மெசேஜ்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலும் மீட்டிங் நடத்துகிற கம்பெனியை ஜெர்மனியில் தேடிப் பிடித்திருக்கிறாய், சந்தோஷம். போனில் என்றால் நீ நடுவில் கத்துவாய். காகிதத்தில் கத்த முடியாது. அதனால் சமையலை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து அனுப்புவேன். பாதியில் மூடிவைக்காமல் கடைசி வரைக்கும் படி.

நான் சொன்னது ஒரே ஒரு சேதி. நீ என்னிடம் விட்டுப்போன காருக்கு நாலு டயரையும் மாற்றிவிட்டேன், காற்று போனாலும் ஓடுகிற அந்த ரன் ஃப்ளாட்டைக் கழற்றிவிட்டு, ஊரில் எல்லாரும் போடுகிற சாதா டயரைப் போட்டுவிட்டேன் என்றேன். அதற்கு நீ குதித்த குதியில், டயரின் அருமை தெரியாமல் மாற்றிவிட்டோமோ என்றுதான் முதலில் பயந்தேன். அப்புறம் குரல் உடைந்து ஒன்று சொன்னாய். "அன்னிக்கி நான் சீக்கிரம் வந்திருந்தா நைனா இருந்திருப்பாரும்மா. இனிமே நம்ம வூட்டு ஆளு யாரும் அந்த ரோட்ல எறங்கி நிக்கக்கூடாது." அவ்வளவுதான், வைத்துவிட்டாய். அந்த நாளைப் பற்றி உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நீ பள்ளிக்கூடம் முடித்தாய், காலேஜ் முடித்தாய், கடல் தாண்டிப் போனாய், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உன் நைனாவை நீதான் சாகவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த நினைப்போடு அடுத்த மாதம் கல்யாண மணையில் உட்காரப் போகிறாய். அப்படி உன்னை உட்கார வைக்க எனக்கு மனசில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான். டயர் விவரமும் இதில் வரும், ஆனால் டயருக்காக நான் எழுதவில்லை.

உன் நைனாவுக்கு பஜாரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை இருந்ததையும், செப்புக் கம்பி வாங்க அடிக்கடி திண்டிவனம் போய் வந்ததையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும். அன்றைக்கு உனக்கு ப்ளஸ் ஒன் லீவு. "நானும் வரேன் நைனா" என்று நீதான் முன்சீட்டில் ஏறிக்கொண்டாய். திரும்பி வரும்போது, மதியம், தீவனூர் தாண்டி அவருடைய அந்தப் பழைய காரின் பின்சக்கரம் பஞ்சர் ஆகிவிட்டது. லாரி பஸ் போகிற பக்கத்துச் சக்கரம். அவர் ஜாக்கியை எடுத்துக்கொண்டு குந்தியபடியே உன்னிடம், "ஒரு கொப்பு ஒடிச்சிக்கினு வந்து பின்னால போடுடா" என்றாராம், ஸ்டேஷனில் நீ சொல்லி எழுதியதில் இருந்தது. நம் பக்கத்தில் வண்டி நின்றுபோனால் எல்லாரும் செய்கிறதுதான். டிராக்டரோ கரும்பு வண்டியோ எதுவானாலும், பின்னால் கொஞ்ச தூரத்தில் தழையோடு ஒரு கொப்பைப் போட்டுவிட்டால், வருகிறவன் முன்னால் ஏதோ நிற்கிறது என்று தெரிந்துகொண்டு ஒதுங்கிப் போவான். நீ புளியமரத்துக்கு ஓடினாய். நீ கொப்போடு திரும்புவதற்குள் லாரி வந்துவிட்டது. அந்த டிரைவர் சாப்பிட்டுவிட்டு வண்டி எடுத்தவன், கண்ணசந்துவிட்டேன் என்று அவனே ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டான். மீதியை நீ பார்த்தாய். நான் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் எனக்கு அது முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறதோ என்னவோ.

வீட்டில் கிடத்தியிருந்தபோது அனந்தபுரத்திலிருந்து உன் மாமா வந்து விழுந்தார். என் அண்ணனைப் பற்றித்தான் தெரியுமே, துக்கம் வந்தால் யார் மேலாவது பாய வேண்டும். லாரிக்காரனைத் திட்டினார், ஆஸ்பத்திரியைத் திட்டினார், "லீவு நாள்ல புள்ளய எதுக்கு அனுப்புன" என்று என்னைத் திட்டினார். அந்த வேகத்தில் உன் தோளைப் பிடித்து உலுக்கி, "ஒரு கொப்பு ஒடிக்க இவ்ளோ நேரமாடா?" என்றார். என் காதிலும் விழுந்தது. அந்தக் கூட்டத்திலும் ஒப்பாரியிலும் உன் மனசில் அது நின்றிருக்காது என்று நினைத்தேன். அதற்கப்புறம் நீ அழவே இல்லை. காரியம் முடிந்து நேராகப் பள்ளிக்கூடம் போனாய், முதல் மார்க் வாங்கினாய். "சிங்கக்குட்டி, எப்படித் தாங்கிக்கினான் பாரு" என்று ஊரே மெச்சியது. நானும் மெச்சினேன்.

பெங்களூரில் இருந்தபோது இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாயே, அன்றைக்குத்தான் எனக்கு முதலில் உறுத்தியது. கார் வாங்கினால் எல்லாரும் மைலேஜ் சொல்வார்கள், ஏசி சொல்வார்கள். நீ குனிந்து டயரைத் தட்டிக் காட்டினாய். "காத்து மொத்தமா போனாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும்மா. எறங்கவே வேணாம். செஞ்சில பஞ்சர் ஆனா பாண்டிச்சேரி போய்ப் பாத்துக்கலாம்." டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஸ்டெப்னி இல்லை, ஜாக்கி இல்லை, ஸ்பேனர் இல்லை. துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கார் வாங்கியது முக்கியமில்லை, இறங்கி நிற்காமல் இருக்க ஒரு வழி வாங்கியிருக்கிறான் என்று தோன்றியது. நல்ல நாளும் அதுவுமாய் எதற்கு என்று ஆரத்தியைக் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நீ ஜெர்மனி போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தாய். இந்த வயசில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, கோட்டை ரோட்டில் ஆட்டுக் கூட்டத்துக்கும் டூரிஸ்ட் பஸ்ஸுக்கும் நடுவில் ஓட்டிப் பழகியதைப் பார்த்து, "சத்துணவு டீச்சரம்மா பெரிய வண்டி ஓட்டுது" என்று ஊரே வேடிக்கை பார்த்தது. ஓட்ட வந்துவிட்டது. ஆனால் அந்த டயர் இருக்கிறதே, கோட்டை மலைப் பாறையைச் செதுக்கிச் சக்கரம் போட்டாற்போல் அப்படி ஒரு கடினம். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் என் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. உன்னிடம் சொன்னேன். "பழகிடும்மா" என்றாய். இடுப்பு பழகிவிட்டது. பழகாத ஒன்று உண்டு, அதை உன்னிடம் சொன்னதில்லை. தீவனூர் தாண்டி அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் உன் நைனா அங்கே குந்திக்கொண்டிருக்கிறார். வெள்ளைச் சட்டை, முதுகு மட்டும்தான் தெரியும். சக்கரத்தில் கை வைத்தபடி இருப்பார், திரும்ப மாட்டார். திரும்பினால் என்ன செய்வது என்று எனக்கும் பயம். மெதுவாகப் போனாலும் தெரிகிறார், வேகமாகப் போனாலும் தெரிகிறார். நிற்க மட்டும் நான் நின்றதில்லை. நிற்க வேண்டாம் என்றுதானே நீ அந்த டயரை வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

தை மாதம் ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து வருகிறேன், முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. நீ சொல்லிக் கொடுத்த விளக்குதான், காற்று போய்விட்டது என்று அர்த்தம். வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை. இழுக்கவில்லை, தட்டவில்லை. உனக்கு போன் போட்டேன். "நிறுத்தாதம்மா, அப்படியே வூட்டுக்குப் போ" என்றாய். அந்த இடம் வந்தது, அவர் குந்தியிருந்தார், செத்த டயரோடு அவரைத் தாண்டி வந்துவிட்டேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற டயர் கடையில் அதைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து கறுப்பாகப் பொடி கொட்டியது, முறம் முறமாய் அள்ளலாம் போல. கடைக்காரர் கையில் எடுத்துக் காட்டினார். "பாத்தியாம்மா, உள்ளார எல்லாம் அரைஞ்சி போயிருக்குது. வெளியில ஒண்ணும் தெரியாது, பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும். இதுக்கு மேல ஒட்டு போட முடியாது." அந்தப் பொடியைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஏன் என்று எழுத மாட்டேன். எழுதினால், "ஆரம்பிச்சிட்டியா உன் சத்துணவுக்கூடத்து உபதேசத்த" என்பாய்.

அந்தச் சைஸில் ரன் ஃப்ளாட் சென்னையிலிருந்து வர வேண்டும், சாதா டயர் என்றால் திண்டிவனத்திலேயே கிடைக்கும் என்றார். "மாத்துறதுன்னா நாலையும் மாத்தணும்மா, அதுல ரெண்டு இதுல ரெண்டு போட்டா வண்டி ஒழுங்கா நிக்காது. ஸ்டெப்னியும் ஜாக்கியும் கண்டிப்பா வெச்சிக்கணும்." ஸ்டெப்னி வைக்கக் குழியே இல்லாத டிக்கி அது, அதனால் பட்டை போட்டு இழுத்துக் கட்டிக் கொடுத்தார். சக்கரத்தைக் கழற்றி மாட்டவும் அவர் எதிரிலேயே பழகிக்கொண்டேன். வீட்டுக்கு ஓட்டி வந்தபோது வண்டி பஞ்சு மாதிரி இருந்தது. அந்தக் குஷியில்தான் உனக்கு போன் போட்டேன். அதற்குத்தான் நீ கத்தினாய்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு எழுந்து நடக்க ஆரம்பிக்காதே. உட்கார்ந்தே படி. நீ பயந்தது நடந்துவிட்டது. போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகை வைக்க மாமாவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் கிளம்பினேன். தாய்மாமன் இல்லாமல் பத்திரிகை வைக்க முடியுமா? வல்லம் தாண்டியதும் வண்டி இடது பக்கம் இழுத்தது, சக்கரம் தடதடவென்று அடித்தது. புது டயர்தான், ஆணிக்குப் புதுசு பழசு தெரியுமா? இந்த டயரில் ஓட்டிக்கொண்டே போக முடியாது. ஓரம் கட்டினேன். அந்த இடம் வருவதற்கு இன்னும் தூரம் இருந்தது, ஆனாலும் அதே ரோடு, அதே மதிய வெயில். மண் பக்கத்து முன்சக்கரம்தான் என்று பார்த்தபிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. டிக்கியைத் திறந்துகொண்டே மாமாவிடம், "அண்ணா, ஒரு கொப்பு ஒடிச்சிக்கினு வந்து பின்னால போடு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மாமா என் முகத்தைப் பார்த்தார். இறங்கிப் போனார்.

ரோடு போட வெட்டியதில் தப்பிய புளியமரம் ஒன்று பக்கத்திலேயே நின்றது. நான் ஸ்டெப்னியை இறக்கினேன், ஜாக்கியை வைத்தேன், ஒரு போல்ட்டைத் தளர்த்தினேன். கொப்பு வரவில்லை. இரண்டாவது போல்ட்டுக்குப் போனேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால் உன் மாமா மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறார். வாழ்நாளெல்லாம் மண்வெட்டி பிடித்த கை அது. ஒரு கொப்பைக் கீழே இழுத்துப் பார்க்கிறார், அது வளைகிறது, விட்டால் மேலே போகிறது. முறுக்கினால் பட்டை உரிந்து நாராகத் தொங்குகிறது, நடுத்தண்டு விட்டுக் கொடுக்கவில்லை. காலை மரத்தில் ஊன்றி இழுக்கிறார். பல்லால் கடிக்கிறார். பஸ்ஸும் லாரியும் வண்டியை உரசிக்கொண்டு போகின்றன. நேரம் போய்க்கொண்டே இருந்தது, ஸ்பேனரைப் போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் முந்தானையை வீசிக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் அவர் வந்தார். நார் நாராய்த் தொங்குகிற ஒரு கொப்பு, உள்ளங்கை இரண்டும் ரத்தம். வந்தவர் கொப்பை என் கையில் கொடுத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒடியலயேம்மா," என்றார். "என்னாலயே ஒடியலயே. அவன் புள்ளம்மா, பதினொண்ணாவது படிச்ச புள்ள. அவன் தோளப் புடிச்சி நான் இன்னா வார்த்தை கேட்டுட்டேன்."

"உனக்கு அது ஞாபகம் இருக்குதாண்ணா?"

"ஞாபகமா? அவன் என்ன ஏறிட்டுப் பாக்கறதே இல்லியே, அது எதனாலன்னு எனக்குத் தெரியாதா? தெரியும்மா. வாயத் தொறந்து மன்னிப்புக் கேக்க வெக்கமா இருந்துச்சி." அவர் அழுததை நான் உன் நைனா சாவிலும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மாரடித்துக்கொண்டு அழுதார். இப்போது சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. உன்னிடம் அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பேசும்போது உளறுவார். கேட்டுக்கொள்.

பிடித்தாலும் புளியங்கொம்பாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்று ஊரில் சொல்லாத ஆள் இல்லை. உன் கல்யாணச் சேதி கேட்டு எதிர்வீட்டுக்காரி அதையேதான் சொல்லிவிட்டுப் போனாள். எத்தனை பாரம் தொங்கினாலும் அது ஒடியாது, அதனால்தான் அந்தப் பேச்சு. புளியம் விளாரால் அடி வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள், விளார் உடைந்து அடி நின்றதாக ஒருத்தருக்கும் சரித்திரம் கிடையாது. இவ்வளவும் தெரிந்த ஒரு ஊர், அன்றைக்கு ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, ஒரு கொப்பு ஒடிக்க இவ்வளவு நேரமா என்று கேட்டதை வாய் பார்த்துக்கொண்டு நின்றது. மரத்தின் பேரைக்கூட யாரும் கேட்கவில்லை. கத்தி இல்லாமல் எந்த மனுஷனும் அதைச் சீக்கிரம் ஒடித்துவிட முடியாது தம்பி. நீ ஒடித்துக் கொண்டுவந்ததே பெரிசு.

அன்றைக்கு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு திண்டிவனம் போனோம், பத்திரிகை எல்லாம் வைத்தோம். போகும்போது அந்த இடத்தில் நானாகவே வண்டியை ரோட்டை விட்டு நன்றாக இறக்கி நிறுத்தினேன். மாமா வேண்டாம் என்று கையைப் பிடித்தார். நான் கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்குத் தெரிந்த உன் நைனா, நின்று பார்த்தபோது இல்லை. ஓரத்தில் மணிலாக்கொட்டை காயப் போட்டிருந்தார்கள், ஒரு பெண் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா வோணும்?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். அவர் இல்லை என்பதும் எனக்கு ஒரு மாதிரி வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும், பழைய டயரை நான் திரும்பப் போடப் போவதில்லை. ஏர்போர்ட்டுக்கு இந்த வண்டியில்தான் வருவேன், இந்த ரோட்டில்தான் உன்னைக் கூட்டி வருவேன். ஒரு கத்தியும், ராத்திரியில் மின்னுகிற சிவப்பு முக்கோணமும் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். மாமா கொடுத்த கொப்பை வாங்கிக்கொண்டு அதைப் போட நான்தான் போனேன். வண்டிக்குப் பக்கத்தில் போட்டால் பிரயோஜனமில்லை, நன்றாகப் பின்னால் போக வேண்டும். வருகிற லாரிக்கு எதிராக நடந்து போய், ரோட்டில் குனிந்து வைக்க வேண்டும். குனிந்தேன். ஒரு லாரி என்னைத் தாண்டிப் போன காற்றில் புடவை முகத்தில் அறைந்தது, தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அப்படியே திரும்பி வண்டியைப் பார்த்தேன். வண்டி எங்கேயோ இருந்தது. லாரிக்கு முதலில் நான் இருந்தேன். நீ அன்றைக்குச் சீக்கிரம் ஒடித்திருந்தால் குனிந்திருக்க வேண்டிய இடம் அது. கண்ணசந்து ஓட்டி வந்தவன் தழையை எங்கே பார்க்கப் போகிறான்? தழைக்கு நின்றிருக்க மாட்டான், உனக்கும் நின்றிருக்க மாட்டான், உன்னைத் தாண்டித்தான் உன் நைனாவிடம் போயிருப்பான். ரோட்டில் உட்கார்ந்தபடியே அந்தப் புளியமரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். கட்டினவனை இழந்தவள், அந்த ரோட்டு மரத்தைக் கும்பிடுகிறேனே என்று அவரை நினைத்துக் கூசியது. கூசினாலும் கும்பிட்டேன். அவர் இருந்திருந்தால் அவரும் கும்பிட்டிருப்பார். நீ சீக்கிரம் வந்திருந்தால் நைனா இருந்திருப்பார் என்றாய். இல்லை தம்பி. நீ சீக்கிரம் வந்திருந்தால், இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஆள் இருந்திருக்காது.

அம்மா